வியப்பும் அதிர்ச்சியும்: ஸ்பானிய மரபுத்தொடர்கள் வழியே ஒரு மொழிப்பாடம்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் முதற்கண் எண்களையும் கிழமைப் பெயர்களையும் மனப்பாடம் செய்கின்றனர்; அடுத்து வினைமுற்றுகளை அடுக்கிப் பயில்கின்றனர்; பின்னர்க் கடிதம் எழுதவும் கடையில் விலை கேட்கவும் தேர்ச்சி பெறுகின்றனர். இவை யாவும் வேண்டற்பாலனவே. ஆயினும் ஒருவருடைய மொழியறிவு உண்மையாகச் சோதிக்கப்படும் இடம் வேறு. எதிர்பாராத செய்தி ஒன்று செவியில் விழும் நொடியில் நாவில் எழும் சொல் எதுவோ, அதுவே அவர் அம்மொழியை எவ்வளவு தூரம் தம்முடையதாக்கிக் கொண்டார் என்பதைக் காட்டிவிடும்.

இவ்வுண்மையை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. பிழை செய்து கற்றோம். திருநீர்மலை அடிவாரத்தில் மாலை வேளைகளில் கூடி ஸ்பானிய மொழி பயின்ற நண்பர்கள் சிலருள் நாமும் ஒருவராக இருந்தோம். பழக்கத்திற்காக மெக்சிகோ நாட்டு அன்பர் ஒருவருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தோம். ஒருமுறை அவர் தம் தாயார் திடீரென மறைந்துவிட்டதாக எழுதியிருந்தார். பதறிப்போன நாம் அகராதியைப் புரட்டி, 'கே சோர்ப்ரேசா!' என்று தொடங்கி மறுமொழி விடுத்தோம். 'என்ன எதிர்பாராத செய்தி!' என்று சொல்வதாகவே நம் நினைப்பு. ஆனால் அத்தொடர், பிறந்த நாளில் பரிசுப் பொதியைப் பிரிப்பவரும் நெடுநாள் காணாத நண்பரை வாயிலில் கண்டவரும் மகிழ்ந்து சொல்வது. துயர வீட்டில் நின்று நாம், 'அடடா, இன்ப அதிர்ச்சி!' என்று கூறியவர்களானோம். அங்கே சொல்லத்தக்கது, 'லோ சியெந்தோ முச்சோ', அதாவது 'மிகவும் வருந்துகிறேன்' என்னும் எளிய தொடரே. அந்த அன்பரிடமிருந்து பல திங்கள் கடிதம் வரவில்லை. இக்கட்டுரை எழுந்ததற்கு அந்த மௌனமே காரணம்.

மூன்று உணர்வுகள், மூன்று வாயில்கள்

நம் பிழைக்கு வேர் எது என்று பின்னர் ஆராய்ந்தபோது, விடை தொல்காப்பியத்திலேயே இருப்பதைக் கண்டோம். மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்கள் நான்கு நான்காகக் கூறுகின்றது. அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன்வழிப் பிறக்கும். அச்சமோ அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கன்வழிப் பிறக்கும். அழுகைக்குரிய நான்கனுள் இழவும் ஒன்று. ஏனையவை இளிவு, அசைவு, வறுமை என்பன.

இக்காலத்தில் நாம் 'அதிர்ச்சி' என்னும் ஒரு சொல்லால் இம்மூன்றையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றோம். மகன் தேர்வில் முதலிடம் பெற்றாலும் அதிர்ச்சி. இருளில் பாம்பை மிதித்தாலும் அதிர்ச்சி. உற்றார் இறந்தாலும் அதிர்ச்சி. தொல்காப்பியர் இவற்றை வெவ்வேறு வாயில்களாகப் பிரித்து வைத்தார். புதுமையால் எழுவது மருட்கை. ஊறு வருமோ என எழுவது அச்சம். இழப்பால் எழுவது அழுகை. பிறமொழி மரபுத்தொடர் ஒன்றைக் கற்கும்பொழுது, 'இஃது எந்த வாயிலுக்கு உரியது?' என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். இவ்வினாவை அன்று கேட்டிருப்போமாயின் அக்கடிதத்தை எழுதியிரோம்.

சொல்லிடம் தெரியாமல் இடர்ப்பட்டவர் நாம் மட்டுமல்லர். இன்றைய ஸ்பெயின் நாட்டு நவார்ராப் பகுதியில் பிறந்து, 1542ஆம் ஆண்டு நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், இருமொழி அறிந்தோர் துணையால் தம் சமய வாசகங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் சொல் அமைந்துவிட்டதைப் பின்னரே உணர்ந்து, அதனைத் திருத்திச் சொல்லுமாறு தம் உடன்பணியாளருக்குக் கடிதம் எழுதினார். அன்று ஸ்பானிய நிலத்தில் பிறந்தவர் தமிழில் தடுமாறினார். இன்று தமிழ் நிலத்தில் பிறந்த நாம் ஸ்பானியத்தில் தடுமாறுகின்றோம். திருத்திக் கொள்வதே இருவர்க்கும் பெருமை.

மருட்கைக்கு உரியன

ஸ்பானியம் இன்று ஏறத்தாழ 50 கோடி மக்களின் தாய்மொழி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் அரபியைப் போலவே அதுவும் ஒன்று. இத்துணைப் பரந்த மொழியில் வியப்புத் தொடர்கள் எண்ணற்றன. நம் வழக்கோடு இயைவனவற்றை மட்டும் ஈண்டுக் காண்போம்.

முதலாவது விளி. ஸ்பானியர் வியந்தால், 'மாத்ரே மியா!' என்பர்; 'என் தாயே!' என்பது பொருள். நாமும், 'அம்மாடி!' என்கிறோம். 'ஓம்ப்ரே!' என்பது அவர்தம் மற்றொரு விளி, 'மனிதா!' என்பது நேர்ப்பொருள். எதிர்பாராமல் ஒருவரைக் கண்டபோது அது வாயில் வரும். நம்முடைய 'அடடே!' என்பதன் இடம் அதற்கு உரியது. எதிரே யாரும் இல்லாதபோதும் யாரையேனும் அழைப்பது வியந்தவரின் இயல்பு என்பது இருமொழிக்கும் பொது.

இரண்டாவது ஏவல். 'ஆந்தா!' என்றால் 'நட!', 'பாயா!' என்றால் 'போவதாக!' எனலாம். நம்ப இயலாத செய்தி கேட்ட ஸ்பானியர் இவ்விரண்டையும் வியப்புக் குறிப்பாகவே ஆளுகின்றனர். நம் ஊரிலும், 'அட, போங்கள்!' என்று சொன்னால், எவரும் எழுந்து போய்விடுவதில்லை. 'நோ மே தீகாஸ்!' என்பதோ, 'எனக்குச் சொல்லாதே!' என்று சொல்லளவில் பொருள்படும், கருத்தளவில், 'மெய்யாகவா? மேலே சொல்!' என்பதாம். சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் இங்கே வாய்மூடிக்கொள்வர். வழக்கறிந்தோர் கதையைத் தொடர்வர்.

மூன்றாவது மெய்யின் நிலை. 'கோன் லா போகா அபியெர்தா' என்பது வாய் திறந்தபடி நிற்றல். நம் 'வாய் பிளத்தல்' அதுவே. 'சின் பாலாப்ராஸ்' என்பது சொல்லற்றுப் போதல். நம் 'வாயடைத்துப் போதல்' அதனை ஒக்கும். மூக்கின்மேல் விரல் வைத்தல் மட்டும் நமக்கே உரிய மெய்ப்பாடு. அதனை அப்படியே பெயர்த்துச் சொன்னால் ஸ்பானியர் மூக்கிற்கு என்ன நேர்ந்தது என்று கேட்பர்.

நான்காவது, சிரிப்பும் கலந்த ஒரு தொடர். ஸ்பெயின் நாட்டுப் பேச்சில், 'மே கேதே ஆ குவாத்ரோஸ்' என்பர். 'நான் கட்டம் கட்டமாக ஆகிவிட்டேன்' என்பது நேர்ப்பொருள். 'திகைத்துப்போனேன்' என்பது கருத்து. இத்தொடரை விளக்க நம் பகுதி மாணவர்க்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. திருநீர்மலைக்கு அண்மையில் உள்ள அனகாபுத்தூரின் நெசவாளர்கள், 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை' எனப் பெயர்பெற்ற கட்டம்போட்ட துணியை நெய்து நைஜீரியா நாட்டுக்கு அனுப்பிய வரலாறு பெரியோர் பலர் அறிந்ததே. அத்துணியின் கட்டங்களை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இத்தொடர் ஒருகாலும் மறவாது.

மலைத்தலும் கல்லாதலும்

அடுத்து நாம் கருதத்தக்கது, 'மே கேதே தே பியெத்ரா' என்பது. 'கல்லாகி நின்றுவிட்டேன்' என்பது பொருள். 'மே கேதே எலாதோ' என்றால், 'உறைந்து போனேன்' என்பதாம். பெருஞ்செய்தி கேட்டோர் அசைவற்று நிற்பதை ஸ்பானியர் கல்லாகவும் பனியாகவும் கண்டனர். நாமோ, 'மலைத்துப் போனேன்' என்கிறோம். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இச்சொல்லின் ஒலியே ஒரு காட்சியாகி விடுகின்றது.

இவ்விடத்தில் ஓர் இலக்கண நுட்பம் உண்டு. மாணவச் செல்வங்கள் ஊன்றி நோக்குக. ஸ்பானியத் தொடர்களில் மீண்டும் மீண்டும் வரும் 'கேதார்சே' என்னும் வினைக்குத் 'தங்குதல், இருந்துவிடுதல்' என்பது பொருள். தமிழில் இவ்விடத்து வரும் துணைவினை பெரும்பாலும் 'போ' என்பதே. திகைத்துப் போனேன், உறைந்து போனேன், அசந்து போனேன், ஆடிப் போனேன் என்கிறோம். ஒரே உணர்வில் ஸ்பானியர் தங்குகின்றனர், தமிழர் போகின்றனர்! 'திகைத்து நின்றேன்' என்று நாம் சொல்லுங்கால் மட்டும் இருமொழியும் ஓரிடத்தில் நிற்கின்றன. ஆகவே, 'போனேன்' என்பதற்குரிய ஸ்பானிய வினையைத் தேடி இத்தொடர்களை அமைக்க முயல்வோர் பிழைபடுவர்.

மேலும், 'எலாதோ' என்பது ஆடவர் தம்மைச் சொல்லும் வடிவம். பெண்டிர் 'எலாதா' என்றே கூறுதல் வேண்டும். 'தே பியெத்ரா' என்பது பெயர்ச்சொல்லோடு வந்த தொடராதலின் இருபாலார்க்கும் மாறாது. தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டுவதில்லை. அதனால் நம் மாணவியர் இவ்விடத்தில் அடிக்கடி தவறுவது இயல்பே. ஓரிரு வாரப் பயிற்சியில் இது நேராகிவிடும்.

நிழல் கண்டு மிரண்ட குதிரை

வியப்புக்கு ஸ்பானியத்தில் 'அசோம்ப்ரோ' என்று பெயர். இச்சொல் 'சோம்ப்ரா', அதாவது 'நிழல்' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. நிழலைக் கண்டு குதிரை மிரளுவதையே முன்னாளில் இவ்வினை குறித்தது என்பர் சொற்பிறப்பு அறிஞர். பின்னர் அது மனிதரின் வியப்புக்குப் பெயராயிற்று. நம் மருட்கையோ 'மருள்' என்னும் அடியிலிருந்து வருவது. 'மாடு மருண்டது' என்னும் வழக்கு இன்றும் சிற்றூர்களில் உண்டு. 'மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்னும் பழமொழியும் நிழலையே சுட்டுகின்றது. கடல்கள் பல இடையிட்ட இரு நிலத்தாரும், வியப்பின் பெயரை விலங்கின் அச்சத்திலிருந்தே பெற்றுள்ளனர். வியப்பும் அச்சமும் முதலில் ஒருவாயிற் புகுந்து பின்னரே பிரிகின்றன போலும்!

அச்சத்திற்கு உரியன

மயிர்க்கூச்செறிதல் என்பதை ஸ்பானியர், 'மயிர் முனையில் நிற்றல்' என்னும் பொருள்பட, 'லோஸ் பேலோஸ் தே பூந்தா' என்பர். புல்லரித்தல் அவர்க்குக் 'கார்னே தே காயீனா', அதாவது 'கோழித்தசை'. இறகு நீக்கிய கோழியின் தோலை நினைவிற் கொண்டால் உவமை விளங்கும். 'எல் கொரசோன் என் உன் பூன்யோ' என்றால், 'நெஞ்சு முட்டியின் பிடியில்' என்பதாம். கவலையால் இறுகிய நிலையை அது குறிக்கும். நாம், 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு' என்கிறோம். ஆயினும் நம் தொடர் ஓடுவோரைக் குறிப்பது, அவர்தம் தொடர் காத்திருப்போரைக் குறிப்பது. ஒப்புமை கண்டவிடத்தும் வேற்றுமை காண்பதே கற்றலுக்கு அழகு.

திடீர் அச்சத்திற்குச் 'சூஸ்தோ' என்று பெயர். 'கே சூஸ்தோ!' என்றால் 'எவ்வளவு பயந்துவிட்டேன்!' என்பது பொருள். மெக்சிகோ, குவாத்தமாலா, பெரு முதலிய நாடுகளின் நாட்டார் மரபில் சூஸ்தோ என்பது ஒரு நோயின் பெயருமாகும். அஞ்சியவரின் ஆன்மா உடலை விட்டுச் சற்றே விலகிவிட்டது என்றும், அதனைச் சடங்கால் திரும்ப அழைக்க வேண்டும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். நம் தமிழகத்திலும், பயந்து அலறி உண்ண மறுக்கும் குழந்தையை மாலைத் தொழுகை முடியும் வேளையில் பள்ளிவாசல் வாயிலுக்குத் தூக்கிவந்து, ஓதி ஊதச் செய்யும் வழக்கம் சமய வேறுபாடின்றி நிலவுவதை அறிவோம். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் கண்டால் மட்டும் போதாது. அச்சொல் வாழும் வீட்டையும் காணல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இழப்பிற்கு உரியன

எதிர்பார்த்த நன்மை திடீரெனக் கைநழுவின் ஸ்பானியர், 'ஒரு குடம் குளிர்நீர் போல' எனப் பொருள்படும் 'கோமோ உன் ஹார்ரோ தே ஆகுவா ஃப்ரியா' என்னும் தொடரை ஆளுவர். உள்ளம் ஒடுங்கிப்போனால், 'ஆன்மா காலடியில் விழுந்தது' என்பர். நாம் தலையில் இடி விழுந்தது என்கிறோம். வெம்மை மிகுந்த நம் நாட்டில் குடம் குளிர்நீர் இன்பமே தருமாதலின், முன்னைய உவமையை அப்படியே தமிழில் இட்டால் பொருள் தலைகீழாகும். அஞ்சுதற்கு நாம் சொல்லும், 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்பதும் அவர்க்கு விளங்காது. இத்தனைக்கும் புளிக்கு அவர்கள் வழங்கும் 'தமரிந்தோ' என்னும் பெயர், 'இந்தியப் பேரீச்சை' எனப் பொருள்படும் அரபுச் சொல்லாகிய 'தமர் ஹிந்தி' என்பதிலிருந்து வந்ததே!

அரபு வழிவந்த உறவு

கி.பி. 711 முதல் 1492 வரை ஸ்பெயின் மண்ணில் முஸ்லிம் ஆட்சி ஏதேனும் ஒரு பகுதியில் நிலவியது. அதனால் ஸ்பானிய மொழியில் அரபுச் சொற்கள் பெருந்தொகையாகக் கலந்தன. 'வரையில்' என்னும் பொருள் தரும் 'ஆஸ்தா' என்னும் முன்னிடைச்சொல்லே, 'ஹத்தா' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சர்க்கரைக்கு அவர்கள் வழங்கும் 'அசூகார்' என்னும் பெயரும் அரபு வழிச் சென்றதே.

நம் பொருளுக்கு நெருங்கிய சொல் 'ஓஹாலா!' என்பது. நல்ல செய்தி ஒன்றைக் கேட்டு, 'அவ்வாறே ஆகட்டும்!' என்று ஏங்குவோர் சொல்லும் சொல் இது. 'அல்லாஹ் நாடினால்' எனப் பொருள்படும் அந்தலூசிய அரபுத் தொடரே இவ்வாறு திரிந்தது என்று ஸ்பானிய அகராதிகள் கூறுகின்றன. கிறித்தவர் உள்ளிட்ட ஸ்பானியர் அனைவரும் இதனை நாள்தோறும் வழங்குகின்றனர். நம் இல்லங்களில் முதியோர், 'இன்ஷா அல்லாஹ்' என்று கூறுவதைக் கேட்டு வளர்ந்த மாணவர்க்கு, இச்சொல்லே ஒரு மருட்கையன்றோ! ஆயினும் ஓர் எச்சரிக்கை. 'ஓலே!' என்னும் ஆரவாரச் சொல்லும் அல்லாஹ்வின் திருப்பெயரிலிருந்து வந்தது என்று சிலர் விரும்பிக் கூறுவர். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு உறவு கற்பித்தல் ஆராய்ச்சி நெறியாகாது.

வியப்பின்போது இறைவனை அழைப்பதும் இரு மரபுக்கும் பொது. அவர்கள், 'தியோஸ் மியோ!', 'என் இறைவா!' என்கின்றனர். நம்மவர் வியந்தபோது, 'சுப்ஹானல்லாஹ்' என்றும், பிறர் நலம் கண்டபோது, 'மாஷா அல்லாஹ்' என்றும், இறப்புச் செய்தி கேட்டபோது, 'இன்னா லில்லாஹி' என்றும் இடமறிந்து வேறுவேறாகக் கூறுகின்றனர். கல்லாத மூதாட்டியும் இவற்றை இடம் மாற்றிச் சொல்வதில்லை. தொல்காப்பியர் வகுத்த பாகுபாட்டை அவர் நூலில் படித்திலர், வாழ்வில் கடைப்பிடிக்கின்றார். 1572ஆம் ஆண்டு இயற்றப்பட்டதும், முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவதுமாகிய 'ஆயிரம் மசலா' என்னும் நூலுக்கு, 'அதிசய புராணம்' என்னும் பெயரும் உண்டு என்பது ஈண்டு நினையத்தக்கது.

நம் சொற்கள் எங்கே?

பிறமொழித் தொடர்களுக்கு நிகரானவற்றைத் தேடிய வேளையில், நம் மனத்தை உறுத்திய செய்தி ஒன்று உண்டு. நம் மாணவர் பலர், மகிழ்ச்சிக்கும் அச்சத்திற்கும் துயருக்கும், 'ஷாக்' என்னும் ஒரே சொல்லைக் கூறி அமைகின்றனர். திடுக்கிடுதல், துணுக்குறுதல், மலைத்தல், மருளுதல், வெருவுதல், பதறுதல், விதிர்விதிர்த்தல் என்று அடுக்கிய நம் செல்வம் பயனின்றிக் கிடக்கின்றது. பெருநிலம் உடையான் ஒருவன் ஒற்றைக் குடிசையில் ஒடுங்கிக் கிடப்பதை இஃது ஒக்கும்.

இது வெறும் அணியழகு பற்றிய கவலையன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாளன்று பெய்த பெருமழையை இப்பகுதியார் மறந்திரார். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், அனகாபுத்தூர் முதலிய இடங்களில் புகுந்தது. நீர் சூழ்ந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டதாகத் தலவரலாறு கூறும் மலையல்லவா இது? அத்தகைய இரவில் தெருவில் எழும் குரல், 'தண்ணீர்! தண்ணீர்! தண்ணீர்!' என்பதே. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகிய பொருள்களில் ஒருசொல் அடுக்கி வரும் என்று இலக்கணம் கூறும் அடுக்குத்தொடர் அது. உறங்குவோரை எழுப்பி உயிர் காப்பதும் அவ்விலக்கணமே. கேட்ட அளவில் இஃது அச்சக்குரலா, வியப்புக்குரலா என்று பிரித்தறியும் செவி, மொழிப் பழக்கத்தால் வருவது.

கற்கும் முறை

மாணவர்க்கு நாம் பரிந்துரைக்கும் முறை எளியது. குறிப்பேடு ஒன்றில் மருட்கை, அச்சம், இழவு என மூன்று பத்திகள் வரைக. புதிய தொடர் ஒன்றைக் கேட்டவுடன், அதனை யார், யாரிடம், எச்செய்தி கேட்டுச் சொன்னார் என்று எழுதி, உரிய பத்தியில் சேர்க்க. அதன் எதிரே சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளையும், பின்னர் நம் வீட்டில் அவ்விடத்து வழங்கும் தமிழ்த் தொடரையும் எழுதுக. தமிழ்த் தொடர் தெரியாவிடின் பாட்டியாரையோ அண்டை வீட்டுப் பெரியவரையோ வினவுக. துயரச் செய்தி கேட்டவிடத்து மட்டும் மரபுத்தொடர்களைத் தேடாது, எளிய சொற்களால் வருத்தம் கூறி அமைக. அயல்மொழியில் அளவறிந்து பேசுதலே அங்குப் பண்பாடு.

ஈற்றில் ஒரு செய்தி. நாம் பிழையுணர்ந்து, மன்னிப்பு வேண்டி அந்த மெக்சிகோ அன்பருக்கு மீண்டும் எழுதினோம். தமிழில் வியப்பும் இழவும் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன என்பதையும், நாம் வாயில் மாறி நுழைந்ததையும் விளக்கினோம். சில வாரங்களில் விடை வந்தது. தம் தாயார் இருந்திருந்தால் இக்கடிதத்தைப் படித்து நகைத்திருப்பார் என்று எழுதியிருந்தார். இறுதி வரியில், தமிழர் தாயை இழந்தவரிடம் என்ன கூறுவர் என்று கேட்டிருந்தார். 'அருகில் அமர்ந்திருப்போம், பெரும்பாலும் ஒன்றும் கூறமாட்டோம்' என்று மறுமொழி எழுதினோம். மொழிகளைக் கற்போம்; நம் மொழியை இழவாது கற்போம்; சொல்லும் இடமறிந்து சொல்ல முயல்வோமாக.